முயலுக்கு எதிர்ப்பக்கத்தில் நரி

அந்தக் காலத்தில் காட்டு மிருகங்கள் மட்டுமில்லை, படத்தில் இருந்த மிருகங்களும் பேசின. ஆனால் எந்தக் கதையையும் ஒரு தடவைதான் படிப்பார்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

வேலப்பன் தன் மூன்று வயது மகள் செவ்வந்திக்காக, அட்டையை நடுவில் மடித்து ஒரு குட்டிப் புத்தகம் செய்தார். உள்ளே இரண்டே பக்கம். நரியை ஏமாற்றிச் சேற்றில் தள்ளிய முயலின் கதை. இடது பக்கம் முயல். வலது பக்கம், வழுக்கிய வேகத்தில் ஆவென்று வாயைப் பிளந்த நரி. வண்ணம் காய விரித்து வைத்தவர், மூடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

முயல் யோசித்தது.

"நரியண்ணே, அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கங்களேன்."

"வரைஞ்சதே அப்படித்தானே தம்பி! புத்தகத்தை மூடட்டும், நீயே வந்து உள்ளே விழுவே. நான் மெல்லுறது மட்டும்தான் பாக்கி."

மத்தியானம் சாப்பிட்டதும் வேலப்பன் மகளை மடியில் இருத்திப் படித்தார். நரி விழும் இடத்தில் "தொபுக்கடீர்!" என்றார். செவ்வந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முயலோ இன்னும் எத்தனை வரி பாக்கி என்று எண்ணிக்கொண்டே இருந்தது.

"அவ்வளவுதான்டா தங்கம், கதை முடிஞ்சுது."

அட்டை எழும்பியது. நரியின் பல் கிட்டே வந்தது.

"பாப்பா, காப்பாத்து!" என்று கீச்சிட்டது முயல்.

செவ்வந்தி சட்டென்று இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கையை நுழைத்தாள்.

"கையை எடும்மா."

"மாட்டேன். இன்னொரு தடவை!"

"படிச்ச கதையை யாராச்சும் திரும்பப் படிப்பாங்களா?"

"நீங்க படிங்கப்பா!"

படித்தார். இந்தத் தடவை அவருக்கு முன்னாலேயே "தொபுக்கடீர்!" என்று கத்தினாள் மகள். என்ன வரப்போகிறது என்று தெரிந்த கதையில் இவ்வளவு சிரிப்பா என்று அப்பாவுக்கே ஆச்சரியம். கை மட்டும் நடுவிலேயே இருந்தது. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

ஐந்தாம் தடவை முயல் மெல்லக் கேட்டது, "அண்ணே, பசிக்கலையா?"

"பேசாம இரு," என்றது நரி. "நான் விழுற இடம் வருது."

ஒன்பதாம் தடவையில் வேலப்பன், விரித்த புத்தகத்தைப் பிடித்தபடியே குறட்டை விட்டார்.

அன்று முதல்தான், கதை முடிந்து புத்தகத்தை மூடப்போனால் குழந்தைகள் குறுக்கே கையை வைத்து "இன்னொரு தடவை" என்கிறார்கள். தொண்டை வறண்டாலும் கோபிக்காமல் படியுங்கள். எதிர்ப்பக்கத்தில் யார் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.