இலைப்படம் போட்ட சோப்பு

ஒரு காட்டில் மான்களுக்கு அரிப்பு வந்தது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, புல்லெல்லாம் உண்ணி. மான்கள் மரத்தில் முதுகைத் தேய்த்தன, பாறையில் தேய்த்தன, கடைசியில் ஒன்றின் மேல் ஒன்று தேய்த்தன. இவள் உண்ணி அவளுக்கும் அவள் உண்ணி இவளுக்கும் போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம்.

அந்தக் கூட்டத்தில் அலங்காரி என்றொரு பெண்மான் இருந்தது. நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் குணம். குளத்துக்குப் போனால் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் குடிக்கும். அப்படிப்பட்டதற்குக் கழுத்தில் முடி கொட்டித் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தால் சும்மா இருக்குமா? போதாததற்கு, பிறந்து பத்தே நாள் ஆன அதன் குட்டி புல்லுக்குள் ஒளிந்து கிடந்தது. பால் கொடுக்க நின்றால் அரிப்புத் தாங்காமல் அலங்காரி உடம்பை உதறும். குட்டி உருண்டு போய் விழும்.

"சோப்புப் போட்டுக் குளிச்சாத்தான் சரியாகும்" என்று முடிவு கட்டியது அலங்காரி.

காட்டில் சோப்புச் செய்யத் தெரிந்தது காரையன் என்ற முள்ளம்பன்றி ஒன்றுதான். எண்ணெய்க் கொட்டைகளைத் தானே பொறுக்கும், தானே ஆட்டி எண்ணெய் எடுக்கும், விறகுச் சாம்பலைக் கரைத்துத் தெளிநீர் இறுத்து எண்ணெயோடு சேர்த்துக் கிண்டும். மூங்கில் குழாயில் ஊற்றி, கெட்டியானதும் பல்லால் வெட்டி, மழை படாத பாறை இடுக்கில் காய வைக்கும். பல்லால் வெட்டியதால் கட்டிகள் கோணல்மாணலாக இருக்கும். காரையனின் பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"காரையண்ணே, ஒரு சோப்பு குடு" என்றது அலங்காரி.

"எங்க அரிக்குது? தோல் வறண்டிருக்கா? பால் குடிக்கிற குட்டி இருக்கா?"

"சோப்பு கேட்டா சோப்பைக் குடு. பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி என்ன இத்தனை கேள்வி?"

"கேட்காம எப்படிக் குடுக்கிறது? இந்தா, இது வேம்பு. உண்ணிக்கு நல்லது. ஆனா பால் குடுக்கிறவளுக்கு ஆகாது. மடியில கசப்பு ஒட்டிக்கும், குட்டி வாய் வைக்காது. உன் மடியைப் பார்த்தாலே பால் குடுக்கிறவன்னு தெரியுது, உனக்கு இலுப்பை எண்ணெயில செஞ்சதுதான் சரி. அழுக்கு போகும், தோல் வறளாது, தண்ணியில நின்னு தேய்ச்சா உண்ணியும் உதிரும்."

"அப்ப அதைக் குடு."

"நாளை மறுநாள் வா. இன்னும் காயல."

அலங்காரி மூக்கால் ஒரு கட்டியைத் தள்ளிப் பார்த்தது. "நல்லாக் கெட்டியாத்தானே இருக்கு?"

"கெட்டியானா காஞ்சதுன்னு அர்த்தமா? உள்ளே சாம்பல் காரம் இருக்கு. நாப்பது நாள் கிடந்தாத்தான் அடங்கும். இன்னைக்கு முப்பத்தெட்டு. பச்சையாப் போட்டா மடி வெந்துடும்."

"வாசமும் ஒண்ணும் காணோமே?"

"எண்ணெய்க்கு என்ன வாசமோ அதுதான் இருக்கும். நீ குளிக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

அலங்காரிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. விற்கத் தெரியாதவனிடம் வாங்க வந்தது தன் தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பியது.

வழியில் அத்திமரத்தடியில் ஒரே கூட்டம். நடுவில் புனுகுப்பூனை கடை பரப்பியிருந்தது. எல்லாக் கட்டியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் உருண்டை. ஒவ்வொன்றையும் தேக்கிலையில் சுற்றி, அந்தத் தேக்கிலையின் மேல் ஓர் இலைப்படம் வரைந்திருந்தது. சுற்றிலும் காடு முழுக்க இலைதான் தொங்குகிறது. அதை எவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. படத்தைப் பார்த்துவிட்டு மான்கள் "ஆகா, இலை!" என்று வாய் பிளந்தன.

"கீழே என்னமோ எழுதியிருக்கே?" என்று கேட்டது மினுக்கி என்ற மான்.

"'இயற்கை'ன்னு போட்டிருக்கு அக்கா" என்றது புனுகுப்பூனை.

மான்கள் பயபக்தியோடு தலையாட்டின. அவற்றில் ஒன்றுக்கும் படிக்கத் தெரியாது. எழுதிய பூனைக்கும் தெரியாது.

உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், குழந்தைகளே. ஆற்றங்கரையில் மனிதர்கள் துணி துவைத்துவிட்டுப் போட்டுப் போன சோப்புத் துண்டுகளைப் பூனை பொறுக்கி வரும். நசுக்கி, தன் வாலடியில் ஊறும் புனுகை வழித்துக் கலந்து உருட்டும். காலையில் உருட்டினால் மத்தியானம் வியாபாரம்.

"தங்கச்சி, உனக்கென்ன வேணும்?" என்று பூனை அலங்காரியைப் பார்த்துக் குழைந்தது. "உன்னை மாதிரி லட்சணமான மானுக்குன்னே ஒரு கட்டி எடுத்து வச்சிருக்கேன். ஒரு தேய்ப்புக்கு ஆறு முழ நுரை வரும். மூணு நாள் மணக்கும்."

ஒரு கேள்வி இல்லை, விசாரணை இல்லை. இதல்லவா மரியாதை! அலங்காரி ஒரு குவியல் இலந்தைப் பழத்தைக் கொடுத்துக் கட்டியை வாங்கிக்கொண்டது.

ஓடையில் நின்று தேய்த்தது. நுரை வந்தது, மீன்கள் கண் எரிந்து ஓடும் அளவுக்கு வந்தது. புனுகு வாசம் அக்கரை வரைக்கும் போனது. "யாரு அது? அலங்காரியா? அடேயப்பா!" என்று மான்கள் திரும்பிப் பார்த்தன. அலங்காரிக்கு அரிப்புக்கூட மறந்துவிட்டது.

அதே பெருமையோடு குட்டி கிடந்த புல்லுக்குப் போய்க் கூப்பிட்டது. "கண்ணு, வா. பால் குடிக்கலாம்."

புல் அசையவில்லை.

"அம்மாதான்டா, வா!"

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "நீ எங்கம்மா இல்ல. போயிடு."

"குரல் தெரியலையாடா?"

"குரல் அம்மா மாதிரிதான் இருக்கு. வாசம் அம்மா இல்ல. குரலை யாரு வேணும்னாலும் மாத்திப் பேசுவாங்க, வாசத்தை மட்டும் நம்புன்னு அம்மா சொல்லியிருக்கா."

அலங்காரி கெஞ்சியது, கொஞ்சியது, அதட்டிப் பார்த்தது. நெருங்க நெருங்கக் குட்டி நடுங்கிக்கொண்டு இன்னும் உள்ளே நகர்ந்தது. குட்டியின் மேல் குற்றம் சொல்ல முடியுமா? சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. அம்மாதான் பூனையின் நாற்றத்தைப் பூசிக்கொண்டு வந்து நின்றது.

மறுநாள் காலையிலும் குட்டி வரவில்லை. பால் கட்டி மடி கனத்தது. துணிச்சோப்பின் காரத்தில் தோல் வேறு உரிய ஆரம்பித்தது. அலங்காரி புல்லோரம் நின்று மறுபடி கூப்பிடும்போது, செந்நாய்கள் வந்தன. அரை மைலுக்கு அப்பாலிருந்தே அந்த வாசத்தைப் பிடித்து நேராக வந்தன.

நான் நின்றால் குட்டியும் போச்சு என்று அலங்காரி ஓட்டம் பிடித்தது. செந்நாய்கள் குட்டி கிடந்த இடத்தை இரண்டு முழத் தூரத்தில் கடந்து போயின. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சைக் குட்டியின் உடம்பில் வாசம் கிடையாது. அசையாமல் கிடந்தால் எந்த நாய்க்கும் தெரியாது. அலங்காரி எந்தப் புதரில் மறைந்தாலும் நாய்கள் அதே புதரில் வந்து நின்றன. கடைசியில் ஒரு யானைக் கூட்டத்துக்குள் புகுந்ததால்தான் உயிர் தப்பியது.

மூச்சு வாங்க ஓடிப்போய்க் காரையன் முன்னால் விழுந்தது. "அண்ணே, அந்த இலுப்பைச் சோப்பைக் குடு. எம் பிள்ளை நேத்துலேர்ந்து பட்டினி."

காரையன் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தது. "புனுகுப்பூனையா? நல்லா மணக்குறே போ. நாளைக்கு வா."

"நாளைக்கா? இரக்கமே இல்லையா உனக்கு?"

"இருக்கிறதாலதான் சொல்றேன். இன்னைக்குக் குடுத்தா வெந்த மடியோட நிப்பே. அப்புறம் குட்டி வந்தாலும் உன்னால பால் குடுக்க முடியாது. போய் ஆத்து மணல்ல புரளு. நாளைக்கு விடிஞ்சதும் வா."

அலங்காரி அழுதுகொண்டே போய் மணலில் புரண்டது. பூனை சொன்ன வாக்கு இதில் மட்டும் உண்மை, வாசம் போகவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் காரையன் ஒரு கட்டியை எடுத்துத் தன் மூக்கு நுனியில் தேய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தது. எரியவில்லை. பிறகுதான் கொடுத்தது. கூலியாக, உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பு ஒன்று கொண்டுவந்து தரச் சொன்னது. முள்ளம்பன்றிக்குக் கொறிக்க அது போதும்.

அந்தக் கோணல் கட்டி அதிகம் நுரைக்கவில்லை. ஓடையில் நின்று தேய்க்கத் தேய்க்க அழுக்கு போனது, உண்ணி உதிர்ந்தது, உரிந்த தோல் எரிச்சல் அடங்கிப் பதமானது. மூன்றாம் முறை தேய்த்ததும் புனுகும் போனது. மிஞ்சியது மான் வாசம் மட்டும்.

அலங்காரி புல்லோரம் போய் நின்றது. கூப்பிடப் பயந்து வாயைத் திறக்கவே இல்லை. புல் விலகியது. குட்டி தள்ளாடி வந்து மோந்து பார்த்தது.

"அம்மா, நீ எங்க போயிட்டே? உன் குரல்ல யாரோ வந்து வந்து கூப்பிட்டாங்க!" என்று சொல்லிவிட்டு மடியை முட்டியது. அலங்காரி குட்டியின் தலையை நக்கிக் கொடுத்தது. வெட்கமாக இருந்தது.

பால் கொடுத்துக் குட்டியை ஒளித்துவிட்டு, நேராக அத்திமரத்தடிக்குப் போனது. அங்கே இன்னும் பெரிய கூட்டம். மினுக்கியும் மற்ற மான்களும் பூனையைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தன. எல்லார் குட்டியும் தாயை அண்டவில்லை.

புனுகுப்பூனை கொஞ்சமும் அசரவில்லை. "அக்கா, தங்கச்சிங்களா! தப்பு சோப்புல இல்ல. நீங்க மட்டும் போட்டீங்க, குட்டிக்குப் போடல. அம்மா ஒரு வாசம், பிள்ளை ஒரு வாசம்னா எப்படி ஒட்டும்? இதோ புதுச் சரக்கு! தாழம்பூவும் சேர்த்தது. குட்டியைப் பிடிச்சு இதுல குளிப்பாட்டுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வாசம் ஆயிடும், குழப்பமே தீர்ந்தது!"

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அட, ஆமா! இது நமக்குத் தோணலையே!" என்றது மினுக்கி. பொட்டலத்தின் மேல் இப்போது இரண்டு இலைப்படம் இருந்தது.

அலங்காரி முன்னால் போய் ஒரு கட்டியை முகர்ந்தது. "இதுல என்ன எண்ணெய் போட்டிருக்கே?"

"அது தொழில் ரகசியம் தங்கச்சி."

"எத்தனை நாள் காய வச்சே?"

பூனை வேறு பக்கம் பார்த்தது. "அடுத்து யாரு? வாங்க அக்கா, வாங்க!"

"வாங்காதீங்க!" என்று கத்தியது அலங்காரி. "வாசத்தைப் பிடிச்சுத்தான் செந்நாய் எங்கிட்ட வந்துச்சு. எம் பிள்ளைகிட்ட வாசம் இல்லாததாலதான் அது பிழைச்சுது. காரையண்ணன்கிட்ட போங்க, அவர் சோப்பு நல்ல சோப்பு!"

"அந்தக் கோணல் கட்டியா? அதுல ஒரு இலைப்படம்கூடக் கிடையாது" என்றது ஒரு மான்.

"இவ மட்டும் மணந்து பேர் வாங்கிட்டா, இப்ப நம்ம பிள்ளைங்க மணக்கக்கூடாதாம். அதான் பொறாமை" என்றது மினுக்கி. "வாங்கலைன்னா நகரும்மா, பின்னால ஆளு நிக்குது."

அலங்காரி நகர்ந்தது. தன் குட்டியை எழுப்பிக்கொண்டு, மெல்ல மெல்ல நடத்தி, மேட்டுப் பக்கமாகப் போய்விட்டது. கீழே ஓடை முழுக்க நுரை. தாய்மார்கள் தாமும் புதுச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, குட்டிகளையும் பிடித்து அமுக்கிக் கழுவின. தேய்த்து முடித்ததும் மோந்து பார்த்து, "நம்ம வாசமே வந்துடுச்சு!" என்று கூத்தாடின. பிறகு வழக்கம்போல் குட்டிகளைப் புல்லில் ஒளித்துவிட்டு மேயப் போயின. பூனை பழக்கூடையோடு அடுத்த காட்டுக்குக் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் செந்நாய்களுக்குத் தேடுகிற வேலையே இருக்கவில்லை. எந்தப் புதர் மணந்ததோ, அந்தப் புதருக்குப் போயின.

மறுநாள் காலையில் ஏழு தாய்மான்கள் பால் கட்டிய மடியோடு புல்வெளி முழுக்கக் குட்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தன. அப்போதும் அவற்றின் மேல் தாழம்பூ மணந்துகொண்டுதான் இருந்தது.

நீதி: உறையில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சோப்பு வாங்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று கேள். பதில் சொல்லாதவன் சரக்கை உன் மேலும் பூசாதே, உன் பிள்ளை மேலும் பூசாதே.