ஒன்பது கட்டம்

வயிற்றின் மேல் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு. மொத்தம் ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மருத்துவப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தமயந்திக்கு ஒன்பதும் தலைகீழ்ப் பாடம். உடற்கூறியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள் அவள்.

ரஹ்மத்நிஷாவுக்கு ஐந்தாறு பெயருக்கு மேல் நினைவில் நிற்காது. மேல்வயிறு, அடிவயிறு, விலாவுக்குக் கீழே என்று வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிவிடுவாள்.

இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில், சௌந்தரவல்லி என்ற அறுவை மருத்துவரிடம் பயிற்சி பெற்றார்கள். அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் சௌந்தரவல்லி ஒருத்தியிடம், "நீ கை கழுவு" என்பார். அன்றைய அறுவையில் மேசைக்கு எதிர்ப்பக்கம் அவருக்குத் துணையாக நிற்கப் போகிறவள் அவள்.

பதினோரு நாளாக அந்தச் சொல் ரஹ்மத்துக்கே போனது. பதினோரு நாளும் தமயந்தி சுவரோரமாக நின்று எட்டிப் பார்த்தாள். தங்கப் பதக்கம் வாங்கியவள் எட்டிப் பார்ப்பதும், பெயர் தெரியாதவள் பக்கத்தில் நிற்பதும் எந்த ஊர் நியாயம்?

பன்னிரண்டாம் நாள் காலை செல்லக்கனி வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிற அம்மா, வயது ஐம்பது இருக்கும். முந்தின நாளிலிருந்து வயிற்று வலி.

"தமயந்தி, நீ பாரு" என்றார் சௌந்தரவல்லி.

தமயந்தி வலிக்கிற இடத்தைக் கேட்டாள். நேராக அங்கேயே நான்கு விரலை வைத்து அழுத்தினாள்.

"எம்மா! கைய எடு தாயி, கைய எடு!"

செல்லக்கனியின் வயிறு பலகைபோல இறுகிவிட்டது. தமயந்தி சௌந்தரவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"ரைட் இலியாக் பாஸா, மேம். அப்பெண்டிக்ஸ்."

"சரி. ரஹ்மத், நீ பாரு."

ரஹ்மத் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். செல்லக்கனி ஒருமுறைகூடக் கத்தவில்லை. ரஹ்மத் எழுந்து, "வலப்பக்கம் அடிவயிறு, மேம். குடல்வால்தான்" என்றாள்.

"நீ கை கழுவு" என்றார் சௌந்தரவல்லி.

தமயந்தி அவருடைய அறைக்கே போய்விட்டாள். சௌந்தரவல்லி நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேம், நான் சண்டை போட வந்திருக்கேன்."

"போடு. டீ முடியறவரைக்கும் நேரம் இருக்கு."

"நான் சொன்னது தப்பா?"

"இல்ல."

"அவ சொன்னது வேறயா?"

"இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

"நான் முதல்ல சொன்னேன். சரியான பேரோட சொன்னேன். அடிவயிறுன்னு சொல்ல எதுக்கு மேம் அஞ்சு வருஷம் படிக்கணும்? பஸ்ல பக்கத்து சீட்டுக்காரம்மா சொல்லிட்டுப் போவாங்க."

சௌந்தரவல்லி சிரித்தார். "நல்ல கேள்வி. அப்புறம்?"

"அவ கண்டுபிடிக்கவே இல்ல. நான் சொன்னதைக் கேட்டுட்டுத் தமிழ்ல திருப்பிச் சொன்னா."

"அப்படியா? அவ என்ன செஞ்சா, சொல்லு."

தமயந்தி மூச்சு விடாமல் சொன்னாள்.

"முதல்ல ரெண்டு உள்ளங்கையையும் தேய்ச்சு சூடு பண்ணிக்கிட்டா. ஏழு தடவை. அப்புறம் கட்டில் பக்கத்துல முட்டி போட்டா. எல்லாரும் பாக்கணும்னு போடறதுதான். முக்காடு நழுவிச்சு, இடது கையால சரி பண்ணினா. வீட்ல எத்தனை ஆடுன்னு கேட்டா. ஆஸ்பத்திரியில ஆட்டுக் கணக்கு எதுக்கு? வலிக்காத பக்கம், இடது ஓரத்துல கைய வெச்சா. அங்கிருந்து ஒவ்வொரு கட்டமா வந்தா. தொப்புளைத் தாண்டி, வலது பக்கம் கீழே வந்ததும் கை நின்னுது. அழுத்தவே இல்ல. நின்னுது, அவ்வளவுதான். ரெண்டு நொடி. உதட்டைக் கடிச்சுக்கிட்டா. உடனே கைய எடுத்துப் போர்வையை இழுத்து மூடினா. நீங்க தலையை ஆட்டினீங்க."

"நான் ஆட்டினேனா?"

"ஒரு தடவை. லேசா."

"எனக்கே தெரியாது." சௌந்தரவல்லி டம்ளரைக் கீழே வைத்தார். "கை ஏன் அங்கே நின்னுது?"

"நான் சொன்ன இடம்ங்கறதால."

"இருக்கலாம். அந்த நேரத்துல செல்லக்கனி முகம் எப்படி இருந்துது?"

தமயந்தி வாயைத் திறந்தாள்.

"கண்ணைச் சுருக்கினாங்களா? பல்லைக் கடிச்சாங்களா?"

"அவ கையைத்தான் பாத்தேன், மேம்."

"நீ அழுத்தினப்போ?"

"கத்தினாங்க, மேம்."

"அது காதுல விழுந்தது. முகத்தைக் கேக்கறேன்."

"நான் அப்போ..." தமயந்தி நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரஹ்மத் முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவளுக்கு எரியுதான்னு."

வெளியே ட்ராலி உருளும் சத்தம் கேட்டது. செல்லக்கனியைக் கொண்டுபோகிறார்கள். கூடவே நடந்த ரஹ்மத், "குட்டி போட்டது எத்தனைம்மா?" என்று விசாரிப்பதும் காதில் விழுந்தது.

தமயந்தியின் கண் தானாகக் கதவுப் பக்கம் போனது.

சௌந்தரவல்லி தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஏழு தடவை தேய்ச்சான்னு சொன்னே பாரு, இந்த வார்டுல அப்படிப் பாக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான், தமயந்தி. நாளைக்கு ஒரு நோயாளியை அப்படிப் பாரு. உன்னைக் கை கழுவச் சொல்லாம என்னால இருக்க முடியாது."