ஜோவின் வைத்த மிச்சம்

சிஸ்டர் தெக்லாவிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய்தான். ஈரலில் கொழுப்பு. சனிக்கிழமைதோறும் மிஷன் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் கூடுவார்கள். எதைச் சாப்பிடுவது, எப்படி நடப்பது, ஆசை வரும்போது என்ன செய்வது என்று சிஸ்டர் சொல்லித் தருவார்.

அன்று எடை பார்த்தபோது எல்லாருக்கும் கொஞ்சமாவது இறங்கியிருந்தது. பெனிட்டாவுக்கு மட்டும் முள் அசையவில்லை.

"அந்த மெஷினுக்கு உன்மேல தனிப் பாசம்டி," என்றாள் எஸ்தர் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். பெனிட்டாவும் சிரித்துவைத்தாள்.

ஆனாலும் பயம்தான். ஈரல் இறுக ஆரம்பித்துவிட்டது, எடை குறைந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா இப்போது இல்லை. இடுப்பில் இருந்த மகன் ஜோவினுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

கூட்டம் கலைந்ததும் சிஸ்டரிடம் போனாள். சிஸ்டர் அவளைவிட இளையவர்.

"சீனி தொடறதில்ல, சிஸ்டர். சோத்தைப் பாதியாக்கிட்டேன். பொரிச்ச மீனை மோந்துகூடப் பார்க்கிறதில்ல. இன்னும் எதைத்தான் விடணும்?"

"பிள்ளைக்குப் பசிக்குது பாருங்க. முதல்ல ஊட்டுங்க."

பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள். நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோறு. காக்கா காட்டி, பூனை காட்டி ஊட்டினாள். கொஞ்சத்திலேயே ஜோவின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியிலிருந்து நழுவி ஓடினான். மிச்சத்திலிருந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க சாப்பிட்டாச்சா?" என்றார் சிஸ்டர்.

"எங்க? காலையிலிருந்து பச்சைத் தண்ணிதான்."

சிஸ்டர் அவள் கையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். விரலெல்லாம் பருப்பு.

"இது... அவன் வச்சதுல்லா, சிஸ்டர். கொட்ட முடியுமா?"

"ஏன் முடியாது?"

பெனிட்டா விரலை முந்தானையில் துடைத்தாள்.

"அவன் பால் மறந்துட்டான், சிஸ்டர். முன்னெல்லாம் என்மேலயேதான் கிடப்பான். இப்போ தூக்கினா நெளியுறான். அவன்கிட்டயிருந்து எனக்குன்னு வர்றது இது ஒண்ணுதான்."

சிஸ்டர் கிண்ணத்தை வாங்கி இருவருக்கும் நடுவில் வைத்தார். அடியில் இன்னும் ஒரு பிடி சோறு இருந்தது.

"உட்காருங்க. தொடாதீங்க."

உட்கார்ந்தாள். ஈ வந்து மொய்த்தது. கை தானாகக் கிண்ணத்துக்குப் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளி ஜோவின், ஒரு சருகைப் பொறுக்கி, "ம்மா, ம்மா" என்று அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம் இப்படியே இருக்கணும், சிஸ்டர்?"

"அந்தக் கை அவன்கிட்ட போற வரைக்கும்."