நானூறு காதம் போன பொன்முடிப்பு

முன்னொரு காலத்தில், தன் கோட்டை வாசலைத் தாண்டியே அறியாத ஓர் அரசர் பயணிகளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் வீரகண்டர். பல்லக்கில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் எங்கும் போனதில்லை. போகிறவர்களின் சிரமம் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

வழியில் கள்ளர் பயம். பொன்னைக் கையில் எடுத்துப் போக முடியாது. வணிகர்களிடம் பொன்னைக் கட்டி, ஓலை வாங்கிப் போய், சேருமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வட்டம் என்று நூற்றுக்கு மூன்று பொன்னை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கள்ளன் எப்போதாவது எடுப்பான். வணிகன் எப்போதும் எடுப்பான்.

ஒருநாள் அரசர் அறிவித்தார்: "இனி நம் கருவூலமே வழியோலை கொடுக்கும். வட்டம் கிடையாது. நூறு பொன்னுக்கு ஓலை வாங்கினால் எந்த அரச சாவடியிலும் நூறு பொன்."

ஒருவரும் வாங்கவில்லை. இனாமாகக் கொடுத்தால் ஏதோ சூது இருக்கிறது என்று சனங்கள் வணிகரிடமே போய் மூன்று பொன் அழுதார்கள்.

அரசருக்கு ரோசம் வந்தது. அரண்மனைச் சேவகத்தில் இருப்பவர்களிடம் ஆளுக்கொரு செப்பு வில்லை உண்டு. அதைக் காட்டினால் கருவூலம் நூறு பொன் வரை கடன் கொடுக்கும். மாதம் முடிவதற்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. அந்த வில்லையைக் காட்டி வழியோலை வாங்குகிறவர்களுக்கு ஒரு பரிசு என்றார் அரசர். பத்துப் பொன்னுக்கு ஒரு காதம், அரச பல்லக்கில் இலவசப் பயணம்.

ஆணையை எழுதியவர் கருவூலநாயகம் அளகேசர். சாவடிகளை எண்ணியபோது நாற்பது வந்தது. தலைநகரின் கிழக்கு வாசலிலேயே ஒரு சாவடி திறந்து நாற்பத்தொன்று ஆக்கினார். பயணம் புறப்படும் ஊரிலேயே பயணிக்கு எதற்குச் சாவடி என்று யாரும் கேட்கவில்லை. அளகேசருடைய மைத்துனனுக்கு ஓர் உத்தியோகம் தேவைப்பட்டது.

அந்த அவையில் விகடன் ஒருவன் இருந்தான். பெயர் அந்துவன். சின்ன வயது. அவன் மனைவி எழினி தை மாதம் காய்ச்சலில் இறந்தாள். பதினாறாம் நாள் முடிந்ததும் அவன் அவைக்கு வந்து வழக்கம்போல் வேடிக்கை பேசினான். அரசர் சிரித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

எழினியின் எலும்பு ஒரு மண்கலயத்தில் வீட்டு முற்றத்து வேம்பில் தொங்கியது. அதைக் கடலில் கரைக்க வேண்டும். கடல் பதினைந்து காதம். அவன் ஒருவனாகப் போய் வந்துவிடலாம். எழினியின் தாய் உமையாண்டாள் விடவில்லை.

"நான் பெத்த பொண்ணு, மாப்பிள்ளை. நான் இல்லாம கடல்ல போட்டுடாதீங்க."

"சரி அத்தை."

உமையாண்டாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம். நடக்க முடியாது. வழி முழுக்கக் கரடும் கல்லும், வண்டி போகாது. பல்லக்கு ஒன்றுதான் போகும். பல்லக்கு அரசரிடம் மட்டும்தான் இருந்தது.

அந்துவன் அளகேசரிடம் போய் முப்பது காதத்துக்குப் பல்லக்கு கேட்டான். போக பதினைந்து, வர பதினைந்து.

"விகடன் மாமியாருக்குப் பல்லக்கா? நாளைக்கு வண்ணான் கழுதைக்கும் கேட்பாய்," என்றார் அளகேசர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களை யாரும் சிரிப்பதற்காகச் சம்பளத்துக்கு வைக்கவில்லை. இருந்தாலும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அந்துவன் கருவூலத்துக்குப் போய் வில்லையைக் காட்டி நூறு பொன்னுக்கு வழியோலை வாங்கினான். ஐம்பத்தாறு அடி நடந்தான். கிழக்கு வாசல் சாவடி வந்தது. ஓலையை நீட்டினான். அளகேசரின் மைத்துனன் நூறு பொன் எண்ணிக் கொடுத்தான். அந்துவன் திரும்ப ஐம்பத்தாறு அடி நடந்து அதைக் கருவூலத்தில் கட்டிக் கடனை அடைத்தான். பத்துக் காதம் அவன் பெயரில் ஏறியது. வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தான்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

மாலையானால் கருவூலத்து ஆள் அந்த நூறு பொன் முடிப்பைச் சாவடிக்குக் கொண்டுபோய் வைப்பான். காலையில் அந்துவன் அதைத் திரும்ப எடுத்து வருவான். பத்தாம் நாளோடு மைத்துனன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். இருபதாம் நாளோடு முடிச்சை அவிழ்ப்பதும் நின்றது.

"தினம் வர்றீரே, எப்பத்தான் ஊருக்குப் போவீர்?" என்று மைத்துனன் கேட்டான்.

"காலையில கிளம்பணும்னு தோணுது. உன்னைப் பார்த்ததும் போதும்னு ஆயிடுது."

மைத்துனன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

நாற்பதாம் நாள் கணக்கு அளகேசர் கண்ணில் பட்டது. நானூறு காதம். அவர் அப்படியே அவைக்கு ஓடினார்.

"அரசே, மோசடி! இந்த விகடன் ஓர் அடிகூடப் பயணம் போகாமல் நானூறு காதம் சேர்த்திருக்கிறான்!"

"அப்படிச் சொல்லலாமா?" என்றான் அந்துவன். "போக ஐம்பத்தாறு அடி, வர ஐம்பத்தாறு. நாற்பது நாள். வெயில் வேறு."

"வழியோலை பயணிக்கு அல்லவா, அந்துவா?" என்றார் அரசர்.

"பயணம் போகத்தான் வாங்கினேன், அரசே. வாங்கியபின் மனம் மாறிவிட்டது. மனம் மாறினால் தண்டனை என்று ஆணையில் இல்லை."

"நாற்பது நாளுமா மனம் மாறியது?"

"வீட்டில் கேட்க மனைவி இல்லை, அரசே."

அரசர் அளகேசர் பக்கம் திரும்பினார்.

"கருவூலத்துக்கு நட்டம் எவ்வளவு?"

"நட்டம்... ஒரு காசும் இல்லை, அரசே."

"வணிகர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"விகடனே தினமும் வாங்குகிறான், அதில் சூது இருக்காது என்று ஊரில் நூறு பேர் நம்மிடம் ஓலை வாங்கியிருக்கிறார்கள். வணிகர்கள் அழுகிறார்கள்."

அரசர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அளகேசர் முகத்தில் அது தெரியவில்லை. படைத்தலைவர் எழுந்து, பதினேழு போர் கண்ட நானே நடந்துதான் அவைக்கு வருகிறேன், இவனுக்குப் பல்லக்கா என்றார். அவைப்புலவர் அதையே நான்கு அடிகளில் சொன்னார்.

அளகேசர் யோசித்தார். இவன் யாருக்காகச் சேர்த்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

"அரசே, பரிசைத் தடுப்பது தங்கள் வாக்குக்கு இழுக்கு. கொடுத்துவிடலாம். ஆனால் வாங்கியவனுக்கு மட்டுமே பரிசு. வேறு ஒருவரும் பல்லக்கில் ஏறக் கூடாது. நானூறு காதம் ஆசைப்பட்டான்; நானூறும் போய் முடிக்கட்டும். நாளைக் காலை ஏறினால் நடுவில் இறங்கக் கூடாது. ஒரு காதம் குறைந்தாலும் நாட்டை விட்டுப் போகட்டும்."

நாளுக்கு இரண்டு காதம் போகலாம். இருநூறு நாள். இறங்காமல். அரசருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. தலை சுற்றப்போவது அவருக்கில்லை.

"சம்மதமா, அந்துவா?"

"உத்தரவு, அரசே."

வீட்டில் உமையாண்டாள் சேதியைக் கேட்டு முற்றத்துக் கலயத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் வர முடியாது."

"நாளைக்குத் தெரியும் அத்தை. ரெண்டு சேலை எடுத்து வைங்க."

"என்கிட்டயும் விகடமா?"

"இல்ல அத்தை."

காலையில் ஊரே கிழக்கு வாசலில் கூடியது. அரசர் மாடத்திலிருந்து பார்த்தார். அளகேசர் மாலையும் பட்டுமாக முன்வரிசையில் நின்றார். அந்துவன் பல்லக்கில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். எட்டுப் பேர் தூக்கினார்கள். வாசல் வரைக்கும் வந்தார்கள். வாசலில் இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

"ஏன் நிற்கிறீர்கள்?" என்றார் அளகேசர்.

தூக்கிகளின் தலைவன் மல்லாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

"பை தூக்குற ஐயா வரலீங்களே, சாமி."

"எந்தப் பை? எந்த ஐயா?"

"நீங்கதான் சாமி. கோட்டைக்கு வெளியே ராசா பல்லக்கு போனா, கருவூலத்து ஐயா காசுப்பையத் தோள்ல போட்டுக்கிட்டு, செருப்பு இல்லாம முன்னால நடக்கணும். ஊருக்கு ஊரு தானம் போடணும். காதத்துக்குக் காதம் எங்களுக்குக் கஞ்சிக்காசு குடுக்கணும். எங்க பாட்டன் தூக்கின காலத்துல உங்க பாட்டனாரு நடந்தாரு. உள்ளங்கால் தேஞ்சு போச்சும்பாரு எங்க பாட்டன்."

"அதெல்லாம் பழைய காலம். தூக்கு!"

"அதெப்படிங்க? அந்த நடைக்குத்தானே உங்களுக்கு ஆத்தங்கரை ஊரு மானியம். நெல்லு மட்டும் புதுசு புதுசா வருதே. பை முன்னால போகாம எங்க தோள்ல கட்டை ஏறாது, சாமி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அரசர் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அளகேசரே, உண்மையா?"

மானியச் செப்பேடு அளகேசர் வீட்டுப் பூசையறையில் இருந்தது. தினமும் அதற்குப் பூ வைத்தார். முப்பது வருடத்தில் ஒருமுறை படித்தும் இருந்தார்.

"உண்மைதான், அரசே. ஆனால் நானூறு காதம்..."

"ஆமாம், நானூறு. நீர் சொன்ன கணக்குத்தானே? நடுவில் இறங்கக் கூடாது என்றீர். உமக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. நீர் ஏறவே போவதில்லை."

"அரசே, எனக்கு ஐம்பத்தெட்டு வயது!"

"செருப்பைக் கழற்றும்."

அளகேசர் ஒரு செருப்பைக் கழற்றினார். சித்திரை மாதத்து மண். காலை உடனே திரும்ப இழுத்துக்கொண்டார். பல்லக்கைப் பார்த்தார்.

"அந்துவா, நீயாவது சொல்லப்பா!"

"இறங்கக் கூடாதென்று உத்தரவு, ஐயா. இல்லாவிட்டால் இறங்கி வந்து தங்கள் காலைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு எப்படி இருக்கிறது?"

அளகேசர் மாடத்தை நோக்கிக் கைகூப்பினார். "அரசே, நேற்று அடியேன் அவசரப்பட்டுவிட்டேன். பரிசை வேண்டியவர்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று விதியைத் திருத்தலாம். இவனுக்கு ஒரு மாமியார் இருக்கிறாள். பாவம், நடக்க முடியாதவள். கடல் வரை போய்வர முப்பது காதம். அதை மட்டும் எடுத்துக்கொண்டால்... முப்பது காதம் நான் நடக்கிறேன். எப்படியாவது நடக்கிறேன்."

"அந்துவா?"

"கருவூலநாயகமே இவ்வளவு இரக்கப்படும்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன், அரசே."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். மாடத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "முப்பது போதுமென்றால் மூன்று நாளில் சேர்ந்திருக்குமே. நாற்பது நாள் எதற்கு நடந்தாய்?"

"முப்பது காதம் கேட்டால் கருவூல வாசலிலேயே முடிந்துவிடும், அரசே. நானூறு என்றால்தான் தங்கள் காதுக்கு ஓடி வரும்."

"வழக்கத்தை உனக்கு யார் சொன்னது?"

"மல்லாண்டி. பல்லக்கில் ஏறப்போகிறவன் தூக்குகிறவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாமா?"

அரசர் மறுபடி சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கீழே போட்டார். அந்துவன் உட்கார்ந்தபடியே பிடித்தான்.

"மீதி முன்னூற்றெழுபது காதமும் உனக்கே. எப்போது வேண்டுமானாலும் போ."

"கருவூலத்திலேயே இருக்கட்டும், அரசே. எனக்குப் போக வேறு இடமில்லை."

அரசர் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, இதுவும் விகடம்தான் என்று முடிவு செய்துகொண்டு மிச்சத்தையும் சிரித்து முடித்தார். "இறங்கு. உன் மாமியாரை அழைத்து வா," என்றார்.

எட்டாம் நாள் கடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் அளகேசர் தானம் போட்டார், சனங்கள் கும்பிட்டார்கள். காலில் வாழைநார் சுற்றி நடந்தார். கடற்கரையில் பையை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் வீங்கிய பாதங்களை ஈர மணலில் நீட்டி உட்கார்ந்தார். தோள் குலுங்க அழுதார்.

அந்துவன் உமையாண்டாளைத் தூக்கிப் போய் முழங்கால் தண்ணீரில் நின்றான். கலயம் அவள் மடியில் இருந்தது. அவள் கரையையே பார்த்தாள்.

"அந்தப் பெரிய மனுசன் ஏன் மாப்பிள்ளை இப்படி அழுவுறாரு? அவரு வீட்டுலயும் யாராச்சும் போயிட்டாங்களா?"

"இல்ல அத்தை. நடந்து வந்திருக்காரு."

"நடந்ததுக்கா?"

உமையாண்டாள் சிரித்துவிட்டாள். தை மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே கலயத்தைக் கவிழ்த்தாள், கவிழ்த்தபின்தான் அழுதாள். அந்துவன் அவளைத் தூக்கியபடியே நின்றான். அலை வந்து அவன் முழங்காலுக்குமேல் நனைத்துவிட்டுப் போனது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. அது அவனுக்குத் தெரிந்தது.