நெருப்புக் கல்லை விழுங்கிய தவளை

‘ஐம்பூத வனம்’ என்ற வீடியோ கேமுக்குள் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் மூன்று நண்பர்கள் வாழ்ந்தார்கள். துள்ளிக்கொண்டே இருக்கும் தவளை துடியன். உடம்பெல்லாம் செதில் போர்த்து, எறும்பு தின்று வாழும் அழுங்கு செதிலி. தண்ணீரே கதியென்று கிடக்கும் நீர்நாய் அலையன்.

அந்த வனத்தில் எல்லா விலங்கும் முட்டையிலிருந்துதான் பிறக்கும். இவர்கள் மூவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒன்றாகவே விளையாடி, ஒன்றாகவே சண்டை கற்று, ஒரே காலையில் பத்தாவது லெவலையும் தொட்டார்கள்!

பத்தாவது லெவல் என்றால் சும்மாவா? குளத்தின் நடுவிலிருந்த பாறை பிளந்தது. உள்ளே கல் கல்லாகக் குவிந்து கிடந்தது. சிவப்பு, நெருப்புக் கல். நீலம், நீர்க் கல். பழுப்பு, மண் கல். ஆளுக்கு ஒன்று எடுத்து விழுங்கலாம். விழுங்கியவருக்கு அந்தப் பூதத்தின் குணம் வந்துவிடும்.

“எனக்கு நெருப்புதான்!” என்று கத்தினான் துடியன்.

போன வாரம் ஒரு காட்டுச்சேவல் நெருப்புக் கல்லை விழுங்கி, ஒற்றை ஆளாக நரிக் கூட்டத்தையே விரட்டியிருந்தது. அன்றிலிருந்து துடியனுக்குத் தூக்கமே இல்லை. கனவிலும் நெருப்பு, நினைவிலும் நெருப்பு!

“கொஞ்சம் யோசிடா,” என்றாள் செதிலி. “சேவலுக்கு இறகு இருக்கு. சூடு தாங்கும். உனக்கு ஈரத் தோல். அது காய்ஞ்சா நீ எப்படி மூச்சு விடுவே?”

“பொறாமை! சுத்தப் பொறாமை!” என்ற துடியன் சிவப்புக் கல்லை லபக்கென்று விழுங்கினான்.

அடடா! அவன் உடம்பு தணல்போல் ஒளிர்ந்தது. ஒரே தாவலில் மூங்கில் உயரம் எழும்பினான். வாயைத் திறந்தால் தீப்பொறி பறந்தது. கரையிலிருந்த நண்டுகள் எல்லாம் கொடுக்கைத் தட்டி ஆரவாரம் செய்தன!

அலையன் நீர்க் கல்லை விழுங்கினான். அவன் ஊதினால் வெள்ளை வெளேரென்று மூடுபனி எழுந்தது. செதிலி மண் கல்லை விழுங்கினாள். அவள் நகங்கள் நீண்டன. உடம்பு தரையைப் போலவே குளிர்ந்துபோனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

“மண்ணாங்கட்டி! நீ மண்ணாங்கட்டி ஆயிட்டே!” என்று துடியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்துக்கொண்டே குளத்தில் குதித்தான். சுர்ர்ர்ர்! தண்ணீர் ஆவியாகச் சீறியது. தலைப்பிரட்டைகள் அலறிக்கொண்டு ஓடின. ஏறி உட்கார்ந்த தாமரை இலை கருகிச் சுருண்டது. பிடிக்க நாக்கை நீட்டினால், வாய்க்குள் வருமுன்பே கொசு சாம்பலானது. உச்சிவேளைக்குள் அவன் முதுகுத் தோல் வறண்டு இழுத்தது.

‘யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்களே!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

அப்போதுதான் நாணல் புதர் சரசரத்தது. மலைப்பாம்பு! இருபதாவது லெவல் மலைப்பாம்பு!

“நல்ல குளம். நல்ல சாப்பாடு. இனி இது என் இடம்!” என்றது அது.

கரையே நடுங்கியது. அந்தப் பாம்பு விழுங்கிய விலங்கு மறுபடி முட்டையாகிவிடும். பழைய நினைவு ஒன்றுகூட மிஞ்சாது. உயிர் நண்பனைப் பார்த்தாலும் ‘நீ யார்?’ என்றுதான் கேட்கும்.

“நான் பார்த்துக்கறேன்!” துடியன் பாய்ந்து முன்னால் நின்றான். மூச்சை இழுத்தான். முழு பலத்தோடு ஊதினான்.

காய்ந்த தொண்டையிலிருந்து ‘புஸ்’ என்று ஒரு புகைச்சுருள் வந்தது. அவ்வளவுதான்!

“ஓடு! ஒளிஞ்சுக்கோ!” என்று கத்திய அலையன், குளத்துக்குள் நின்றபடி ஊதினான். மூடுபனி பரவியது. எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. துடியன் நாணலுக்குள் பதுங்கினான். ‘தப்பித்தோம்!’ என்று நினைத்தான்.

ஆனால் பாம்பு நேராக அவனை நோக்கி வந்தது!

அவன் பாறைக்குப் பின்னால் தாவினான். பாம்பும் அங்கே வந்தது. புதருக்குள் பாய்ந்தான். அங்கேயும் வந்தது!

“எதுக்குடா இந்த ஓட்டம்?” என்று பாம்பு சிரித்தது. “என் உதட்டு ஓரத்துல குழி இருக்கு பார். அதுக்குச் சூடு தெரியும். இந்தப் பனியில வேற ஒண்ணும் தெரியல. நீ மட்டும் எரியிற விளக்கு மாதிரி தெரியிறே!”

துடியன் மறுபடி ஓடினான். ஓடும்போது ஒரு கல்லில் இடறினான். அது கல் இல்லை, சுருண்டு கிடந்த செதிலி! துரத்தி வந்த பாம்பு அவள் மேலேயே ஏறிப் போனது. அவள் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மண்ணோடு மண்ணாக அவ்வளவு குளிர்ந்து கிடந்தாள்!

துடியனுக்குச் சட்டென்று விஷயம் புரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது வாயைத் திறக்காவிட்டால் எப்போது திறப்பது?

தாவிய தாவலில் பாம்பைத் தாண்டி, நண்பர்கள் இருந்த கரைக்கு வந்து மூச்சுவாங்கக் கிசுகிசுத்தான். “செதிலி! நீ சொன்னதுதான் சரி. இந்தச் சூடு எனக்கு ஒத்துக்கல. என் தோல் வெடிக்குது. பாம்புக்கு என்னை மட்டும்தான் தெரியுது. உன்னைத் தெரியல. கரையோரம் இருக்கிற பெரிய ஆலமரத்துக்கு முன்னால ஒரு குழி தோண்டு! ஆழமா! அலையா, பனியை நிறுத்தாதே! நான் பாம்பை இழுத்துட்டு வரேன்!”

“நீ தாங்குவியாடா?” என்று கேட்டாள் செதிலி.

“தோண்டு!”

செதிலி தோண்டினாள். மண் அவளுக்கு வெண்ணெயாக விலகியது! துடியன் குளத்தைச் சுற்றி ஓடினான். ஒரு சுற்று. பாம்பு பின்னாலேயே வந்தது. இரண்டாவது சுற்று. அவன் முதுகுத் தோல் கோடுகோடாகப் பிளந்தது. மூன்றாவது சுற்றில் கண் இருட்டியது. பாம்பின் மூச்சு காலில் பட்டது.

“தயார்!” ஆலமரத்தடியிலிருந்து செதிலியின் குரல்!

துடியன் அந்தக் குரலை நோக்கிப் பாய்ந்தான். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் பின்னங்காலில் கூட்டி, பனிக்குள் ஒரே தாவல்! குழியைத் தாண்டி ஆலமரத்து வேரில் போய் மோதினான். அவன் சூட்டை மட்டுமே பார்த்து வந்த பாம்பு, தடாலென்று குழிக்குள் விழுந்தது!

செதிலி மண்ணைத் தள்ளினாள். அலையன் தண்ணீரைப் பீய்ச்சினான். மண் சேறானது. சேறு கழுத்துவரை இறுகியது. தலை மட்டும் வெளியே தெரிந்தது.

“விட்டுடுங்க! மலைப்பக்கமே போயிடறேன்! இந்தக் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்!” என்று பாம்பு கெஞ்சியது. அந்த வனத்தில் தோற்றவர் சொன்ன சொல்லை மீற முடியாது. வெளியே விட்டதும், சேறு ஒழுக ஒழுக மலையைப் பார்த்து ஊர்ந்து போய்விட்டது.

நண்பர்கள் துடியனை ஈர மண்ணில் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு நாழிகை கழித்துத்தான் கண் விழித்தான்.

பெரிய எதிரியை வென்றவர் தன் கல்லை மாற்றிக்கொள்ளலாம். “மாத்தாதே! நெருப்புத் தவளைன்னா சும்மாவா!” என்று நண்டுகள் கூச்சல் போட்டன. துடியன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிவப்புக் கல்லைத் துப்பினான். நீலக் கல்லை விழுங்கினான்.

அலையனைப் போல அவனால் பனி ஊத முடியவில்லை. ஆனால் தோல் பளபளத்தது, காயம் ஆறியது. ‘கொர்ர்ர்’ என்று அவன் குரல் கொடுத்ததும், மேற்கே மேகம் திரண்டது! சடசடவென்று மழை கொட்டியது! செதிலியும் அலையனும் மழையில் குதிக்க, அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தான்.

அடுத்தவருக்கு வெற்றி தந்தது நமக்கும் தரும் என்று கண்மூடித்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்தது தவறென்று தெரிந்தால் வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறவருக்குத்தான் தப்பிக்க வழி பிறக்கும்.