சீராள் மாற்றிச் சொல்லவில்லை

கேட்டுக்கொண்டே வாருங்கள். பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது என்று குறுக்கே விழாதீர்கள்; அப்படி விழுந்த கெட்டிக்காரர்கள் எல்லாரும் இந்தக் கதையில் மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குக் கப்பல்கள் போய்வந்த காலம் அது. துறைமுக அதிகாரி ஒரு பட்டுச் சால்வையை மண்டபத்தில் வைத்து, உலகத்திலேயே கடினமான மொழியைக் கற்றவர் யாரோ அவருக்கே இது என்று அறிவித்தார். வந்தது வினை! வெளிநாட்டார் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல அந்தத் துறைமுகத்தில் துபாசிகள் இரண்டு பேர் இருந்தார்கள். சொக்கலிங்கம் சீனமொழி கற்றவர். "ஒரே சொல்தான். குரலை ஏற்றினால் ஒரு பொருள், இறக்கினால் வேறு பொருள். எழுத்து ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் தூக்கம் கெட்டேன்" என்றார். உதுமான் மரைக்காயர் அரபி கற்றவர். "அடித்தொண்டையிலிருந்து ஓசை வர வேண்டும். ஒரு வேரிலிருந்து இருபது சொல் கிளைக்கும். உம்மால் முடியுமா?" என்று அவர் மல்லுக்கு நின்றார். இருவரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். "கடாரத்து மொழியா? கப்பலேறிப் போகிறவன் மூன்றே மாதத்தில் பேசிவிடுவானே!" என்று சிரித்தார்கள். அதனாலேயே இருவரும் அதைக் கற்கவில்லை. இதை மனத்தில் வையுங்கள்.

அதே ஊரில் சீராள் என்று ஒருத்தி. அவள் புருஷன் வடுகநாதன் மிளகு வாங்கக் கடாரம் போகிறவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்ப்பான். பிள்ளை இல்லை. ஒருநாள் கப்பலில் அவன் வரவில்லை; ஏழு வயதுப் பெண் குழந்தை வந்தது. பெயர் மெலாத்தி. அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததும், அவனும் அந்தக் குழந்தையின் தாயும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் அவளோடு வந்த சேதிகள்.

எந்தச் சேதிக்கு அழுவது என்று சீராளுக்குத் தெரியவில்லை. பாவி மனுஷன், இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தனுப்பிவிட்டான். குழந்தை வாயைத் திறந்தால் கடாரத்து மொழிதான். தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டது. சீராள் தயிர்க்காரியோடும் அக்கம்பக்கத்தாரோடும் பேசும்போது மட்டும் கதவைப் பிடித்தபடி நின்று கேட்கும்.

வேறு வழியில்லாமல் சீராள் கற்றாள். அவள் பானையைத் தொட்டுக் காட்டுவாள். குழந்தை பெயரைச் சொல்லும். மொழி சுலபம்தான், துபாசிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் தலையணை, வெற்றிலை என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்கும்போதும், 'இதை அவர் அந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்' என்று வயிறு எரியும். ஒருநாள் மெலாத்தி ஒரு தாலாட்டைப் பாடிக்காட்டி, "அப்பா பாடுவார்" என்றாள். புருஷன் பாடிச் சீராள் கேட்டதே இல்லை. அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு வந்து அந்தப் பாட்டையும் கற்றுக்கொண்டாள். எட்டு மாதத்தில், அவள் அதைப் பாடாமல் குழந்தை தூங்காது என்று ஆனது. குழந்தை முகத்தைப் பார்க்காமல் சீராளுக்கும் பொழுது விடியாது என்று ஆனது.

அப்போதுதான் மெலாத்தியின் தாய்மாமன் கடாரத்திலிருந்து வந்து இறங்கினான். அவனைக் கண்டதும் குழந்தை சீராளின் சேலையைப் பற்றிக்கொண்டு, "எங்கள் அம்மாவின் முகம்" என்றாள். தங்கை மகளைத் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று அவன் சைகையிலேயே அதிகாரியிடம் கேட்டான். அதிகாரி, "குழந்தை யாரோடு போக விரும்புகிறதோ அவரோடு போகட்டும். அதன் வாயாலேயே கேட்போம்" என்றார். பெயர்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? துபாசிகள் இருவரும் தலையைக் குனிந்தார்கள். அந்த மொழி தெரிந்த ஊர்க்காரர்கள் இன்னும் அக்கரையில் இருந்தார்கள். மாமனுக்கோ அவன் ஆட்களுக்கோ தமிழ் தெரியாது. மிச்சம் இருந்தது சீராள்தான்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுவேன் என்று சத்தியம் செய், அம்மா" என்றார் அதிகாரி. அவள் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள்.

குழந்தை மாமன் முகத்தையே நெடுநேரம் பார்த்தது. பிறகு சீராளைப் பார்த்தது. பிறகு தன் மொழியில், "மாமாவோடு போகிறேன்" என்றது.

மண்டபமே சீராளின் வாயைப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், குழந்தை அவளுடையது, மாமன் மறுத்துக் கத்தினாலும் அதைப் பெயர்த்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. "மாமனோடு போகிறேன் என்கிறாள், ஐயா" என்றாள் சீராள்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த சால்வையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

கரையிலிருந்து கப்பலுக்குப் படகு கிளம்பியது. பத்துக் கோல் தூரம் போனதும் மெலாத்தி எழுந்து நின்றாள். பிசிறில்லாத தமிழில் கத்தினாள்: "அம்மா! மாமா முகத்தப் பாத்து மாட்டேன்னு சொல்ல முடியல. நீ மாத்திச் சொல்லிருவேன்னு நெனச்சேம்மா!"

சீராள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடினாள். படகை நிறுத்தச் சொல்ல அவளுக்கு இரண்டு மொழி தெரியும். அந்த நேரத்தில் இரண்டும் வாயில் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள்: சொக்கலிங்கம், மரைக்காயர், சீராள் என்று மூன்று பேர் ஆயிற்று. எல்லாவற்றிலும் கடினமான மொழியைக் கற்றவர் யார்? அந்தச் சால்வை நியாயமாக யாருக்குச் சேர வேண்டும்?

விடை: நான் சொன்ன மூன்று பெயருக்குள்ளேயே தேடியிருப்பீர்கள். சால்வை மெலாத்திக்குச் சேர வேண்டியது. துபாசிகள் பிழைப்புக்குக் கற்றார்கள். சீராள் வயிற்றெரிச்சலோடு கற்றாள். ஆனாலும் அவளுக்குச் சொல்லித்தர ஒரு குழந்தை பக்கத்தில் இருந்தது. மெலாத்தி கதவோரம் நின்று தானாகக் கற்றாள். கற்றதைப் பேசினால், பெற்றவள் இனி இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதற்குப் பயந்து எட்டு மாதம் வாயை மூடி வைத்திருந்தாள். வேறொருத்தியை 'அம்மா' என்று கூப்பிட அவளுக்கு நடுவில் அத்தனை தண்ணீர் வேண்டியிருந்தது. ஆகவே கடினமான மொழி, அவளுக்கு, நம் தமிழ்தான். சீராளுக்கும் இந்த விடை தெரிந்திருந்தது. அடுத்த பருவத்தில் கடாரம் போன கப்பலில் சால்வையை மடித்துக் கொடுத்தனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று சேதி ஒன்றும் வரவில்லை.