விமானம் துள்ளினால்

வானத்தில் நல்லதம்பிக்குப் பயம் கிடையாது. தரை நெருங்கும்போதுதான் பயம். நாற்பது வயதில் வாத்தியார் வேலையை உதறிவிட்டு விமானம் ஓட்டக் கற்க வந்த மனிதருக்கு வரக்கூடாத பயம். வந்துவிட்டது, என்ன செய்ய?

சும்மாவும் வரவில்லை. போன வாரம், அவரோடு கற்றுக்கொண்டிருந்த சாதிக் தனியாக ஓட்டிவந்து இறங்கும்போது, சக்கரங்கள் ஓடுபாதையில் மோதி விமானம் பந்துபோல் எம்பியது. பதறிப்போன சாதிக் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினான். மறுபடி மோதி, இன்னும் உயரமாக எம்பியது. அடுத்த மோதலில் முன்சக்கரம் முறிந்து விமானம் குப்புற விழுந்தது. இடுப்பெலும்பு நொறுங்கி அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

பயிற்சி தருபவர் கேப்டன் ரோஸ்லின். நல்லதம்பியைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

“மேடம், பயப்படாம இறங்குறது எப்படி?” என்று அன்று காலை நல்லதம்பி கேட்டேவிட்டார்.

“ஏறுங்க சார்.”

ஒரு சுற்று சுற்றி ஓடுபாதைக்கு வந்தார்கள். சக்கரம் பட்டதும் விமானம் எம்பியது. துள்ளினால் மூக்கை அமுக்கக் கூடாது, முழு வேகம் கொடுத்து மேலே போய்விட வேண்டும். இது நல்லதம்பிக்குத் தூக்கத்திலும் தெரியும். கைக்குத் தெரியவில்லையே! கை அமுக்கிவிட்டது. ரோஸ்லின் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சட்டென்று இழுத்து, வேகத்தைக் கூட்டி, விமானத்தை மேலே கொண்டுபோனார்.

“ஏன் சார் அமுக்குனீங்க?”

“தரை அவ்வளவு பக்கத்துல இருந்துச்சு மேடம். இப்ப விட்டா உசிரோட இறங்கவே மாட்டோம்னு தோணிடுச்சு.”

ரோஸ்லின் மறுபடி ஓடுபாதைப் பக்கம் கை காட்டினார்.

அடுத்த முறை நல்லதம்பி பிசிறில்லாமல் வந்தார். ஓர் ஆள் உயரம்தான் பாக்கி.

“மேல போங்க சார்.”

போனார். அதற்கடுத்த முறையும் சக்கரம் தொடப்போகிற நேரத்தில் அதே சொல். தரையைக் காட்டிக் காட்டிப் பிடுங்குகிறாரே என்று நல்லதம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

“நல்லாத்தானே வந்தேன் மேடம்?”

“நல்லாத்தான் வந்தீங்க.”

“பிறகு ஏன் இறங்க விடல?”

“இன்னொரு சுத்து வாங்க சார்.”

இந்த முறை ரோஸ்லின் வாயே திறக்கவில்லை. சக்கரங்கள் ஓங்கி அடித்தன. விமானம் எம்பியது. ரோஸ்லினின் கை கைப்பிடிக்கு அருகில் வந்து நின்றது, தொடவில்லை. நல்லதம்பியின் கண்முன் சாதிக் வந்து போனான். அமுக்கு, அமுக்கு என்று கை துடித்தது. அவர் “ஐயோ” என்று கத்திக்கொண்டே வேகத்தை முழுசாகக் கூட்டினார். விமானம் தள்ளாடி, நிதானித்து, மேலேறியது.

அடுத்த சுற்றில் இறங்கினார்கள். கொஞ்சம் குலுங்கியது, அவ்வளவுதான். நல்லதம்பியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்ஜினை நிறுத்தப் போனவரைத் தடுத்துவிட்டு, ரோஸ்லின் பெல்ட்டைக் கழற்றிக் கீழே இறங்கினார்.

“நீங்க மட்டும் ஒரு சுத்து போயிட்டு வாங்க சார்.”

பக்கத்துக் காலி இருக்கையைப் பார்க்கவே நல்லதம்பியால் முடியவில்லை.

“எனக்கு இன்னும் பயம் போகல மேடம்.”

“தெரியுது சார்.”

“துள்ளுச்சுன்னா?”

“மேல போங்க.”

“மறுபடியும் துள்ளுச்சுன்னா?”

“மறுபடியும் மேல போங்க.”

“எத்தனை தடவை மேடம்?”

ரோஸ்லின் ஓடுபாதையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது எங்க சார் ஓடிடப் போவுது? நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் கிடக்கும்.”